பிறேமினி அக்கா பார்த்த துப்பாக்கி தவறவில்லை

இந்த அவையை முன்னின்று நடத்தித் தரும் பெருமதிப்பிற்குரிய விஜயரத்தினம் ஐயா அவர்களே! முன்வரிசையில், மனைவியின் படத்துக்கு நேர் எதிரே அமர்ந்திருக்கும் இராஜேந்திரன் அண்ணா அவர்களே! அன்பு மகள் கோசிகா! மோர்டனிலிருந்து குடை பிடித்து நடந்தும், இல்ஃபோர்டிலிருந்தும் ஹரோவிலிருந்தும் ரயில் மாறியும் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் கழகத்து உறவுகளே! நேற்று முழுநாளும் ரயிலில் வந்து, இன்று தொப்பியை மடியில் வைத்தபடி, புரியாத மொழியை இவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்காட்லாந்து நண்பர் இயன் அவர்களே! உங்கள் எல்லோரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

கோசிகா, நான் பேசுவதை இயனுக்கு மெல்ல மொழிபெயர்த்துச் சொல்லம்மா. ஒரு சொல்லையும் விட்டுவிடாதே. இது அவருக்கும் சேர்த்துச் சொல்வது.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பத்ரிநாராயணன். ஹரோவில் இருக்கிறேன். எலும்பு அறுவை மருத்துவன். நம்முடைய வில் மற்றும் துப்பாக்கிக் கழகத்தின் செயலாளர். செயலாளர் என்ற முறையில் ஒரு பக்க அஞ்சலி வாசிக்கத்தான் என்னை அழைத்தார்கள். எழுதியும் கொண்டுவந்தேன். அந்தத் தாள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

யார் இந்த பிறேமினி இராஜேந்திரன்?

நம்மில் பலருக்கு அவர் பிறேமினி அக்கா. அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்கா. அண்டை வீட்டு ஆங்கிலேய மூதாட்டி அவர் தையல் மெஷின் திருத்துகிறார் என்றே பதினைந்து ஆண்டுகள் நம்பியிருந்தாராம். பின்கட்டுக் கொட்டிலில் எப்போதும் ஒரு மஞ்சள் விளக்கும், எண்ணெய் மணமும், சின்னத் திருகாணிகளின் ஓசையும்தானே இருந்தன! காவல்துறை உரிமமும் இரும்புப் பெட்டகமும் அலாரமும் உள்ள அந்தக் கொட்டிலுக்கு எங்கெங்கிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்! யார்க்‌ஷயர் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். வேல்ஸ் காட்டதிகாரிகள் வந்தார்கள். பெரிய மான்களை வேட்டையாடும் துப்பாக்கி, தோளுக்கும் கண்ணுக்கும் தோட்டாவுக்கும் பொருந்தி வர வேண்டுமென்றால் மோர்டன் அம்மையாரிடம் போ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போன ஓர் இளம்பெண். அங்கே ஒரு துப்பாக்கிப் பட்டறையில் தரை கூட்டும் வேலை. கூட்டிய இரும்புத்தூளுக்குள் விழுந்து கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி, அளவு பார்த்து, எவரும் கேட்காமலே பிரித்து வைத்தாராம். பட்டறை முதலாளி ஒரு வாரம் அதைப் பார்த்தாராம். அடுத்த வாரம் துடைப்பத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு இவரை மேசைக்கு அழைத்தாராம். முறையாகப் படித்து, தேர்வெழுதி, அந்தத் தொழிலுக்குப் பட்டயம் பெற்று, பிறகு குடும்பத்தோடு லண்டன் வந்தார்.

விஜயரத்தினம் ஐயா, நீங்கள் ஒருமுறை அவரிடம் கேட்டது நினைவிருக்கிறதா? நானும் அருகில் இருந்தேன். “பிள்ளை, நாங்கள் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம். நீர் என்னெண்டு அதோடையே சீவிக்கிறீர்?” என்று கேட்டீர்கள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பயந்ததாலதான் ஐயா. இப்ப அதின்ர ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். வடிவாத் தெரிஞ்ச சாமானுக்கு எனக்குப் பயமில்லை.”

நீங்கள் பிறகு அதைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை, ஐயா.

நான் அவரிடம் முதலில் போனது துப்பாக்கிக்காக அல்ல. வில்லுக்காக. அறுவை மேசையில் குனிந்தே நின்று என் தோள் இறுகிப்போயிருந்தது. வில் பழகினால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். கப்பி வைத்த நவீன வில், அதுவும் அறுபது பவுண்டு இழுவை உள்ளது வேண்டும் என்றேன். ஏன் அறுபது? பக்கத்து வீட்டுக்காரன் அறுபது வைத்திருந்தான்! பிறேமினி அக்கா மறுபேச்சில்லாமல் வில்லை எடுத்துக் கொடுத்தார். ஒரு முக்காலியைக் காட்டினார்.

“இருந்துகொண்டு இழுங்கோ, டொக்டர். மெதுவா. நேர முன்னால.”

இழுத்தேன். வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வில்லைக் கூரையை நோக்கித் தூக்கி, முழு உடம்பையும் சேர்த்து இழுத்தேன். அவர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“டொக்டர், வானத்தில மான் நிக்கிறேல்லை.”

நாற்பத்திரண்டு பவுண்டு வில்லோடு வீடு திரும்பினேன். அந்த வில்லைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.

இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் தராது. ஆனால் ஹங்கேரிக்குப் போய் வில்வேட்டை ஆடும் அன்பர்கள் நம் கழகத்தில் உண்டு. அவர்கள் வில்லை அவர் சீர்செய்யும் அழகை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மரச்சட்டத்தில் இலவசப் பத்திரிகைத் தாளை இறுக்கிக் கட்டுவார். ஆறடி தள்ளி நின்று அதன் ஊடாக அம்பு விடச் சொல்வார். அம்பு நேராகப் போனால் தாளில் சின்ன ஓட்டை. வால் ஆடிக்கொண்டு போனால் தாள் ஒருபக்கம் நீளமாகக் கிழியும். அந்தக் கிழிசலை அவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், நான் எக்ஸ்ரே பார்ப்பதைப் போல! நாணில் அம்பு பூட்டும் இடத்தை ஒரு மயிரிழை ஏற்றுவார். மறுபடி ஒரு அம்பு. மறுபடி ஒரு தாள். பயிற்சி அம்பும், வேட்டைக்கான அலகு பொருத்திய அம்பும் ஒரே புள்ளியில் விழும்வரை ஒருவரையும் விமானம் ஏற விட்டதில்லை.

பிறகு எனக்கும் மான் வேட்டை ஆசை வந்தது. என் மனைவி வத்சலா, அதோ அங்கே அமர்ந்திருக்கிறார், அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஆமா, வெங்காயம் சேக்காத நாளெல்லாம் பாத்துச் சாப்பிடற மனுஷன் மான் சுடப் போறேளா? கும்பகோணத்துல யார்கிட்டயும் சொல்லிடாதேள்!”

ஏன் போனேன்? ஸ்காட்லாந்து மலைகளில் ஓநாய் இல்லை. செம்மான்கள் பெருகிப் பெருகி, ஒரு மரக்கன்றையும் தலையெடுக்க விடுவதில்லை. குளிர்காலத்தில் அவையே பட்டினியில் விழுந்து சாகும். அதனால் ஆண்டுதோறும் எண்ணிக்கை பார்த்துக் குறைக்கிறார்கள். இதெல்லாம் நான் வத்சலாவிடம் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. கை நடுங்காதவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மலையிலும் காட்ட ஆசை.

பிறேமினி அக்கா என்னைக் கொட்டிலின் நடுவே நிற்க வைத்தார். “கண்ணை மூடுங்கோ. துவக்கைத் தோளில வையுங்கோ. இப்ப திறவுங்கோ.” நான் விரும்பியெடுத்த, பூவேலைப்பாடு செய்த துப்பாக்கியில், கண் திறந்தபோது தொலைநோக்கிக்குள் ஒரு கரிய பிறைதான் தெரிந்தது. ஐந்தாவதாகத் தந்த, ஓர் அலங்காரமும் இல்லாத துப்பாக்கியில் கண் திறந்தேன். வட்டம் முழுநிலவாகத் தெளிந்து நின்றது. “நீங்கள் கழுத்தை வளைச்சு அதிட்டப் போகக்கூடாது. அது உங்களிட்ட வரவேணும்” என்றார்.

அதன் பிறகு இரண்டு வாரம். குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு தாள்துண்டை நுழைத்து இழுத்துப் பார்ப்பார். எங்கே தடுக்கிறதோ அங்கே மரத்தைச் சுரண்டுவார். குழல் எதிலும் படாமல் மிதக்க வேண்டுமாம். விசையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். மறுபடி இழுப்பார். மறுபடி கேட்பார். வெளியே மோர்டன் பஸ் போகும். மழை பெய்யும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. தூங்கும் குழந்தையின் மூச்சை ஒருவர் காத்திருந்து கேட்பதுபோல இருக்கும்.

ஒருநாள் கேட்டேன், “எதுக்கு அக்கா இவ்வளவு மெனக்கெடறீங்க? கிட்டத்தட்டச் சரியா இருந்தாப் போதாதா?”

“அந்தச் சீவனுக்கு நோகத் தொடங்கிறதுக்கு முன்னம் எல்லாம் முடிஞ்சிடவேணும், டொக்டர். இந்த மினக்கேடு உங்களுக்காக இல்லை. அதுக்காகத்தான்.”

அன்புள்ளவர்களே! இதைச் சொன்ன ஒருவருக்குத்தான் நான் இனிச் சொல்லப்போகும் காரியத்தைச் செய்தேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, அக்டோபர் மாதம். இயன் மான் காவலராகப் பணிபுரியும் ஸ்காட்லாந்துப் பண்ணையில் நானும் அக்காவும் இருந்தோம். அந்தப் பண்ணையின் துப்பாக்கிகளை எல்லாம் ஆண்டுதோறும் கோடையில் சீர்பார்த்துக் கொடுப்பவர் பிறேமினி அக்காதான். மலைக்குப் போகும் எவரும் முதலில் அடிவாரத்தில் ஒரு காகித இலக்கைச் சுட்டுக் காட்ட வேண்டும். அது அங்கே கட்டாயம். நானும் சுட்டேன். நடுப்புள்ளியில் துளை. இயன் தலையசைத்தார். அக்காவின் முகத்தில் ஒரு சின்ன நிறைவு.

ஆனால், நான் இலக்கைச் சுட்டது அக்கா துப்பாக்கியைச் சீர்பார்த்த அதே பழைய தோட்டாவால். என் மேல்சட்டைப் பையில் வேறொரு கம்பெனியின் புதிய தோட்டாக்கள் இருந்தன. பொன்னெழுத்துப் பெட்டி. அது இன்னும் வேகம், இன்னும் வலிமை என்று கடையில் ஒருவர் சொன்னதை நம்பி முதல்நாள் வாங்கியவை. தோட்டாவை மாற்றினால் துப்பாக்கியை மறுபடி இலக்கில் சரிபார்த்தே ஆகவேண்டும் என்று அக்கா என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்தே கேட்கவில்லை. தெரிந்தே ஒளித்தேன். ஒரு பாறைக்குப் பின்னால் நின்று, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன்.

அறுவை மேசையில் சோதிக்காத கத்தியை நான் தொட்டதுண்டா? என் தாதி ஒரு கருவியை மாற்றி வைத்தால் என்ன சத்தம் போட்டிருப்பேன்! அன்று அந்த மருத்துவன் எங்கே போனான்?

அந்த நாளை நினைக்கும்போது, அது நடந்ததா நான் கண்ட கனவா என்று இன்றும் எனக்கு மயங்கும். மலை முழுவதும் மூடுபனி. பனி விலகினால் செந்நிறப் புதர்கள். மூடினால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து கலைமான்களின் குரல் மட்டும் வரும். இணைதேடும் பருவம் அது. அந்தக் குரலை என்னவென்று சொல்வேன்! பழைய கோவில் கதவை ஒரு யானை உள்ளிருந்து தள்ளுவதுபோல. காற்று எங்கள் முகத்துக்கு நேரே வந்தது; எங்கள் மணம் மானை எட்டாது. நாங்கள் மூவரும், இயனின் நாயும், ஈரத்தில் வயிறு தேய ஊர்ந்தோம். பனி ஒரு திரைபோல் விலகியது. நூற்றைம்பது மீட்டர் தொலைவில், வலப்பக்கம் முகம் வைத்து, கொம்புகளில் நீர்த்துளி சொட்ட அது நின்றது.

அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கை நடுங்கவில்லை. சுட்டேன்.

மான் விழவில்லை. முதுகை வளைத்துக் குறுகியது. அடிபட்டது எங்கே என்று இயனுக்கும் அக்காவுக்கும் அந்த வளைவிலேயே தெரிந்துவிட்டது. நெஞ்சில் அல்ல, வயிற்றில். அது திரும்பி, பனிக்குள் நுழைந்து, மறைந்தது.

அதன்பின் ஐந்து மணி நேரம். பாசியில் ஒரு துளி ரத்தம். பிறகு கால் மைல் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கல்லில் ஒரு தடம். நாய் முகர்ந்து முகர்ந்து முன்னே போகும். இயன் அதன் பின்னே. அக்கா அவர் பின்னே, தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு. கடைசியில் நான். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண்மணி முழங்கால் வரை சேற்றில் இறங்கி ஏறினார். ஓடைகளைக் கடந்தார். அவ்வப்போது நின்று, கண்ணை மூடி, காது கொடுத்தார். அவர் தூக்கத்தில் நடப்பவரைப் போலவும், மான் அவர் கனவுக்குள் எங்கோ நடப்பதைப் போலவும் எனக்குத் தோன்றியது. எந்த இடத்திலும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நான் அங்கேயே சொல்லியிருப்பேனோ? தெரியாது. அது என் கோழைத்தனத்துக்கு நான் சொல்லும் சாக்கு.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, மலைமடிப்பில் ஒரு சிறு குளத்தின் ஓரத்தில் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்தே இருந்தது. எங்களைப் பார்த்தது. எழ முடியவில்லை. பிறேமினி அக்கா உடனே சுடவில்லை. ஈரத்தரையில் உட்கார்ந்தார். தன் மூச்சு அடங்கும்வரை காத்தார். ஒரே ஒரு சூடு. தலை மெல்லத் தரையில் சாய்ந்தது. குளத்து நீரில் ஒரு வட்டம் எழுந்து, விரிந்து, கரையைத் தொட்டு அடங்கியது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

பிறகு என்னிடம் கேட்டார்: “டொக்டர், கால் நோகுதே? இறங்க ஏலுமே?”

அதுதான் கேட்டார்! வேறொன்றும் கேட்கவில்லை!

அடிவாரத்தில் பண்ணை உரிமையாளர் காத்திருந்தார். என்ன நடந்தது என்றார். நான் வாய் திறக்கவில்லை. பிறேமினி அக்கா முன்னே வந்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: “இந்தத் துப்பாக்கியைச் சீர்பார்த்தது நான். பிழை என்னுடையது.”

இயன், இதை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்கள். நானும் கேட்டேன். கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

பதினொரு நாள் எனக்கு உறக்கமில்லை. கண்ணை மூடினால் பனி விலகும், அது நிற்கும். பன்னிரண்டாம் நாள் காலை, மிச்சமிருந்த தோட்டாக்களோடு மோர்டன் போனேன். கொட்டில் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். வெடித்த தோட்டாவின் பித்தளை உறை ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். அதன் அடியில் அந்தப் புதிய கம்பெனியின் முத்திரை.

“சுட்ட உடனேயே புல்லுக்குள்ள கிடந்ததை எடுத்தனான்.”

“அப்போ அங்கயே தெரியுமா அக்கா? தெரிஞ்சா ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?”

“மலையில வச்சு ஒரு மனுசனை அவமானப்படுத்தி என்ன காணுறது? நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லிட்டியள். பொழுதுபடுறதுக்கிடையில வாங்கோ, சுட்டுப் பாப்பம்.”

சர்ரேயில் உள்ள சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். புதிய தோட்டாவால் மூன்று முறை சுடச் சொன்னார். மூன்று துளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அழகாக விழுந்திருந்தன. ஆனால் நடுப்புள்ளியிலிருந்து ஓர் உள்ளங்கை அகலம் கீழே, இடப்பக்கம். அவர் அந்தக் காகிதத்தைச் சுருட்டி என்னிடம் தந்தார்.

“துவக்கும் சரி. தோட்டாவும் சரி. ரெண்டுக்கும் ஆளை ஆள் தெரியாது. நீங்கள் அறிமுகப்படுத்தேல்லை. இனி இயனுக்குச் சொல்லுறது உங்கட பொறுப்பு. நான் சொல்லமாட்டன்.”

சொல்கிறேன் என்றேன். எப்போது சொன்னேன் தெரியுமா? இரண்டு ஆண்டு கழித்து! அடுத்த வாரம், அடுத்த மாதம், பதவி உயர்வு வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு கோடையும் பண்ணையிலிருந்து ஒரு துப்பாக்கிகூட மோர்டனுக்கு வரவில்லை. கொட்டிலின் சுவரில் அவற்றுக்கான கொக்கிகள் வெறுமையாக இருந்ததை ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடைசியில் ரயிலேறிப் போய் இயனின் சமையலறையில் உட்கார்ந்து சொன்னேன். அவர், “அந்த அம்மையார் கையால் அப்படி ஒரு பிழை வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரே சொன்னபோது நான் எப்படி மறுப்பேன்?” என்றார். அடுத்த கோடையில் துப்பாக்கிகள் திரும்பி வந்தன.

அதோடு முடிந்ததா? முடியவில்லை, நண்பர்களே. அதனால்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

மலையில் நடந்த செய்தி அதற்குள் நம் கழகத்துக்குள் கசிந்திருந்தது. அக்கா பார்த்த துப்பாக்கி ஒருமுறை தவறிவிட்டது என்ற பேச்சு இருந்தது. என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்த பொதுக்கூட்டம் இதே மண்டபத்தில்தான் நடந்தது. ஹங்கேரிப் பயணத்துக்கு யாரிடம் கருவிகளைக் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. தம்பி சுஜீத் எழுந்து, “அக்காவை மதிக்கிறம். ஆனா ஒருக்கால் தவறினதுதானே? வேற இடத்திலயும் காட்டினா நல்லம்” என்றார். சுஜீத், உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு எட்டியதை நீங்கள் சொன்னீர்கள். உண்மை தெரிந்தவன் மேடையில், மாலையோடு, உட்கார்ந்திருந்தான். பிறேமினி அக்கா மூன்றாம் வரிசையில் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. நான் நெளியக்கூடாதென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்!

மாலை போட்ட பிறகு மனிதனுக்கு நாக்கு எவ்வளவு கனத்துவிடுகிறது!

ஆகவே, இன்று இந்த அவையில் எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். பிறேமினி இராஜேந்திரன் பார்த்த துப்பாக்கி தவறவில்லை. ஒருநாளும் தவறவில்லை. தவறியவன் நான். மறைத்தவன் நான். அவர் பெயரில் பத்தாண்டு ஒட்டியிருந்த அந்தக் கறை என்னுடையது.

கடைசியாக அவரைப் பார்த்தது ஐந்து வாரத்துக்கு முன்பு. நுரையீரல் நோய் முற்றியிருந்தது. மருந்தின் மயக்கம். விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே எங்கோ இருந்தார். ஜன்னலோரம் கட்டில். நான் கையைப் பிடித்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“டொக்டர்... மான் நிக்குது. காத்து எங்கால?”

என்ன சொல்வேன்? ஜன்னல் சற்றே திறந்திருந்தது. விரலை நனைத்துப் பிடித்துப் பார்த்தேன்.

“நம்ம முகத்துக்கு நேராத்தான் வருது அக்கா.”

“அப்ப சரி. அதுக்கு எங்களைத் தெரியாது. பேசாமல் இருங்கோ. பாத்துக்கொண்டிருப்பம்.”

பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதி. துப்பாக்கியைத் தேடி அவர் கை அசையவில்லை. அந்த மான் மேய்ந்துவிட்டுத் தன்பாட்டில் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்க முடியவில்லை. பேசாமல் இருக்கச் சொன்னாரே!

உறவுகளே! இந்த வேலையைத் தொடர்வோம் என்று சொல்வது இரங்கல் கூட்டத்தின் வழக்கம். அவர் கை நம்மிடம் இல்லை. அவர் காதும் இல்லை. ஆனால் அவர் பிடிவாதத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். செயலாளர் பொறுப்பை இந்த நிமிடமே விஜயரத்தினம் ஐயாவிடம் திருப்பித் தருகிறேன். ஐயா மறுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு முக்காலி தாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் வேட்டைக்காலம் தொடங்குமுன் சுடுதளத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். மலைக்குப் போகிறவர் எவரானாலும், எந்தத் தோட்டாவைக் கொண்டுபோகிறாரோ அதே தோட்டாவால், எந்த அம்பைக் கொண்டுபோகிறாரோ அதே அம்பால், மூன்று முறை காட்டிவிட்டுப் போகட்டும். என் முன்னால் சுட விருப்பமில்லாதவர்கள் இருக்கலாம். நியாயம்தான். அவர்கள் முன்னால் முதலில் நானே சுட்டுக் காட்டுகிறேன். அந்தச் சீவனுக்கு நோகத் தொடங்கும் முன்னம் முடிந்துவிட வேண்டும் என்று அவர் சொன்னதை ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். ஏன் சொல்கிறேன் என்று கேட்டால், இந்தக் கதையையும் சொல்கிறேன்.

இன்று காலை இங்கே வருமுன் இராஜேந்திரன் அண்ணாவைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்படி ஒன்றை அவையில் சொல்லப்போகிறேன், உங்கள் அனுமதி வேண்டும் என்றேன். அவருக்கு இது புதிய செய்தியாக இருக்கும், நெஞ்சு உடையும் என்று பயந்தேன்.

அவர் சொன்னார்: “எனக்கு அண்டைக்கே தெரியும், டொக்டர். மலையால வந்த கையோட சொன்னவ. நீங்கள் வீட்டை வாற நேரமெல்லாம் குசினிக்குள்ள வந்து, ‘டொக்டர் வந்திருக்கிறார். சபையில சொல்லப்போறன் எண்டு சொல்ல வந்திருக்கிறாராக்கும். இஞ்சி போட்டு நல்ல தேத்தண்ணியா ஊத்துங்கோ’ எண்டுவா. பத்து வருசம் ஊத்தினனான்.”

பத்து ஆண்டு! நான் குடித்த ஒவ்வொரு கோப்பையிலும் அந்த நம்பிக்கை இருந்திருக்கிறது. ஒருமுறைகூட எனக்கு அது தெரியவில்லை.

பிறேமினி அக்கா, சொல்லிவிட்டேன். இயன் கேட்டுவிட்டார். சுஜீத் கேட்டுவிட்டார். இந்த அவை முழுவதும் கேட்டுவிட்டது.

இராஜேந்திரன் அண்ணா, நாளை மாலை வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். இஞ்சி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தேநீர் நான் போடுகிறேன்.